நரம்பு வலிக்குத் தண்டுவடத் தூண்டுகருவி: பொருத்துவதற்கு முன்பும் பின்பும்

இடுப்பு வட்டு அறுவை சிகிச்சை முடிந்து புண் ஆறிய பிறகும் ஒரு காலில் எரிச்சலும் சுண்டி இழுக்கும் வலியும் நீங்கவில்லை; பிரீகாபாலின், டுலாக்ஸெட்டின் போன்ற மாத்திரைகள் தூக்கக் கலக்கத்தைத் தந்த அளவுக்கு நிம்மதியைத் தரவில்லை; இந்நிலையில் ஸ்பைனல் கார்ட் ஸ்டிமுலேட்டர் எனப்படும் தண்டுவடத் தூண்டுகருவியை மருத்துவர் பரிந்துரைத்திருக்கிறார், அதைப் பொருத்திக்கொண்டால் வலி போய்விடுமா, அதனோடு அன்றாடம் வாழ்வது எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். வலி மருத்துவப் பிரிவில், இக்கருவி பொருத்தப்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்துவருபவன் என்ற முறையில் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன். முதல் கேள்விக்கான பதில் சுருக்கமானது: வலி பெரும்பாலும் முழுதாகப் போகாது, குறையும். எவ்வளவு குறையும் என்பது, எந்த வகை வலிக்காக இது பொருத்தப்படுகிறது, நிரந்தரமாகப் பொருத்துவதற்கு முன் தற்காலிகமாக வைத்துப் பார்க்கும் சோதனைக் காலத்தை நீங்கள் எப்படிப் பயன்படுத்துகிறீர்கள், அதன்பின் எவ்வளவு பொறுமையோடு கருவியைச் சீரமைத்துக்கொள்கிறீர்கள் என்பவற்றைப் பொறுத்தது.

1965-இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரு ஆய்வாளர்கள், வலிச் செய்தி மூளையை அடைவதற்கு முன் தண்டுவடத்தில் ஒரு வாயிலைக் கடக்க வேண்டியிருக்கிறது என்றும், தொடுவுணர்வைச் சுமக்கும் பருமனான நரம்பிழைகள் முனைப்பாக இயங்கும்போது அந்த வாயில் ஓரளவு மூடிக்கொள்கிறது என்றும் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். அடிபட்ட இடத்தை நம்மையறியாமல் தேய்த்துவிட்டுக்கொள்ளும்போது வலி சற்றுத் தணிவது ஏன் என்பது இதனால் விளங்கியது. 1967-இல் நார்மன் ஷீலி என்ற அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர், புற்றுநோய் வலியால் துன்புற்ற ஒருவரின் தண்டுவடத்துக்குப் பின்புறம் மின்முனையைப் பொருத்தி அந்த நரம்பிழைகளை மின்துடிப்புகளால் தூண்டினார். இன்றைய கருவிகள் அவ்வழியில் வந்தவையே. பழைய முறையில், நொடிக்கு 40 முதல் 60 துடிப்புகள் வரை அனுப்பும்போது, வலி இருந்த இடத்தில் மெல்லிய குறுகுறுப்பு பரவும். நோயாளி அதை உணர்வார். நொடிக்கு 10,000 துடிப்புகளை அனுப்பும் பிற்கால முறையில் எந்தக் குறுகுறுப்பும் தெரிவதில்லை, ஆனாலும் பலருக்கு வலி குறைகிறது. இதை வாயில் கோட்பாட்டால் மட்டும் விளக்கிவிட முடியாது என்பதால், கருவி எப்படி வேலை செய்கிறது என்பது பற்றிய விவாதம் ஆய்வாளர்களிடையே இன்னும் ஓயவில்லை.

உடலுக்குள் வைக்கப்படுபவை இரண்டு பொருட்கள்தாம். ஒன்று, நுனியில் பல மின்முனைகள் வரிசையாக அமைந்த மெல்லிய கம்பி. இதை லீட் என்பார்கள். கால் வலிக்கும் இடுப்பு வலிக்கும் இது பெரும்பாலும் நடுமுதுகின் கீழ்ப்பகுதியில், தண்டுவட உறைக்கு வெளியே உள்ள இடைவெளியில் வைக்கப்படுகிறது. கை வலியென்றால் கழுத்துப் பகுதியில். தண்டுவடத்துக்குள் ஊசி குத்தி மின்சாரம் பாய்ச்சுவார்கள் என்ற அச்சம் பலருக்கு உண்டு. கம்பி தண்டுவடத்தைத் தொடுவதில்லை. இடையில் உறையும் நீரும் இருக்கின்றன. மற்றொன்று, பிட்டத்தின் மேற்பகுதியிலோ இடுப்பின் பக்கவாட்டிலோ தோலுக்கடியில் வைக்கப்படும் பேட்டரியோடு கூடிய சிறு பெட்டி. வெளியிலிருந்து ஒரு ரிமோட்டால் அதை இயக்கலாம், நிறுத்தலாம், கூட்டலாம், குறைக்கலாம்.

எந்த வலிக்கு இது உதவும் என்பதைப் பரிந்துரைக்கும் கட்டத்திலேயே தெளிவாகப் பேசிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பிற்காலத்து ஏமாற்றங்களில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது. நரம்பே சேதமுற்றதால் எழும் எரிச்சல், மின்னதிர்ச்சி போன்ற குத்தல், தொட்டாலே வலிக்கும் தன்மை ஆகியவற்றுக்கு இது பொருந்தும். முதுகு அறுவை சிகிச்சைக்குப் பிறகும் தொடரும் கால் வலி, காயத்துக்குப் பின் கையோ காலோ நிறமும் வெப்பமும் மாறி வலிக்கும் சிக்கலான வட்டார வலி நோய்க்குறி, சர்க்கரை நோயால் பாதங்களில் உண்டாகும் நரம்பு வலி ஆகியவை இதில் அடங்கும். கடைசியாகச் சொன்னதற்கு, நொடிக்கு 10,000 துடிப்புகளை அனுப்பும் உயர் அதிர்வெண் கருவியை அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021-இல் ஏற்றது. மூட்டுத் தேய்மான வலி, தசைப்பிடிப்பு, முதுகெலும்பு நிலையற்று அசைவதால் வரும் வலி ஆகியவற்றில் இதனிடம் பெரிதாக எதிர்பார்க்க இயலாது. உங்களுக்குக் காலில் நரம்பு வலியும் இடுப்பில் குனிந்து நிமிரும்போது வரும் வலியும் சேர்ந்தே இருக்குமானால், முன்னது நன்றாகக் குறைந்து பின்னது அப்படியே இருக்கக்கூடும். அதை முன்கூட்டியே அறிந்தவர் அமைதியாக ஏற்றுக்கொள்கிறார். அறியாதவர் கருவி பழுதாகிவிட்டது என்று எண்ணி வருகிறார்.

ஆய்வுச் சான்றுகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதுகு அறுவைக்குப் பிறகு கால் வலி நீங்காத 100 பேரை வைத்து நடந்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு மாத முடிவில் கால் வலி பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்தவர்கள், கருவி பொருத்தப்பட்ட பிரிவில் 48 விழுக்காடு, வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்ற பிரிவில் 9 விழுக்காடு. இது ஊக்கமளிக்கும் முடிவு. ஆனால் கருவி உள்ளவருக்குத் தன்னிடம் கருவி இருப்பது தெரியும் என்பதால் நம்பிக்கையின் பங்கு எவ்வளவு என்பதை அதிலிருந்து பிரித்தறிய முடியாது. அதைப் பிரித்தறிய முயன்ற நார்வே நாட்டு ஆய்வு 2022-இல் வெளியானது. சோதனைக் காலத்தில் தேறிக் கருவி பொருத்திக்கொண்ட 50 பேருக்கு, அவர்களுக்கே தெரியாமல் சில மாதங்கள் உண்மைத் தூண்டலும் சில மாதங்கள் போலித் தூண்டலும் மாறி மாறி அளிக்கப்பட்டன. அன்றாடச் செயல்திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. அதில் பயன்படுத்தப்பட்டது பர்ஸ்ட் எனப்படும் ஒரு வகைத் துடிப்பு மட்டுமே என்றும், அதன் அமைப்பும் வழக்கமானதிலிருந்து வேறுபட்டது என்றும் அந்த ஆய்வு முடிவை ஏற்காதவர்கள் வாதிடுகிறார்கள். வாதத்தில் பொருள் இருக்கிறது. இருந்தாலும், அந்த ஆய்வைப் பற்றிப் பேசவே விரும்பாத மருத்துவரைவிட, அதைச் சொல்லிவிட்டு உங்களுக்கு ஏன் இதைப் பரிந்துரைக்கிறேன் என்று விளக்கும் மருத்துவரை நான் அதிகம் நம்புவேன்.

சான்றுகள் இப்படிக் கலவையாக இருப்பதால்தான் சோதனைக் காலம் முக்கியமாகிறது. நிரந்தரக் கருவியைப் பொருத்துவதற்கு முன், ஊசி வழியாகத் தற்காலிக லீடுகளைச் செலுத்தி, அவற்றின் மறுமுனையை வெளியே கொண்டுவந்து, இடுப்புப் பட்டையில் மாட்டிய பெட்டியோடு இணைத்து அனுப்புவார்கள். பெரும்பாலும் இது ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை நீடிக்கும். சில நாடுகளில் சில வாரங்கள் வரைகூட வைத்துப் பார்ப்பதுண்டு. வலி குறைந்தது பாதியாவது தணிந்தால் சோதனை வெற்றி என்று கொள்வது வழக்கம். ஆனால் வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டு வாங்கும் அந்த ஒற்றை எண்ணை நான் பெரிதாக மதிப்பதில்லை. நீண்ட நாள் வலியோடு இருந்தவருக்குப் புதிய சிகிச்சையின் முதல் வாரம் நம்பிக்கையால் நிரம்பியிருக்கும், நம்பிக்கை எண்ணைக் குறைத்துவிடும்.

அதற்கு மாறாக, சோதனை தொடங்குவதற்கு முந்தைய வாரமே, வலியால் உங்களால் செய்ய முடியாமல் போன மூன்று செயல்களை எழுதி வையுங்கள்: நின்றபடி சமைப்பது, இடையில் உட்காராமல் ஒரு குறிப்பிட்ட தொலைவு நடப்பது, இரவில் விழிக்காமல் உறங்குவது என்று உங்களுக்கு உண்மையில் வேண்டியவையாக அவை இருக்கட்டும். சோதனை நாட்களில் அவற்றைச் செய்து பார்த்து, எவ்வளவு நேரம், எவ்வளவு தொலைவு, எத்தனை மாத்திரை என்று அன்றன்றே குறித்துக்கொள்ளுங்கள். கம்பி நகர்ந்துவிடுமோ என்ற அச்சத்தில் படுக்கையிலேயே கழிப்பவர்களைப் பார்க்கிறேன். ஓய்வில் வலி குறைந்ததா, கருவியால் குறைந்ததா என்று அவர்களாலும் சொல்ல முடிவதில்லை, என்னாலும் சொல்ல முடிவதில்லை. குனிவதையும் முறுக்குவதையும் எடை தூக்குவதையும் தவிர்த்துவிட்டு, மற்றபடி வழக்கமான நாளை வாழ்வதே இதற்கு உகந்தது. மருத்துவர் ஒப்புக்கொண்டால் ஒரு நாளில் சில மணி நேரம் கருவியை நிறுத்தி வைத்து வித்தியாசம் தெரிகிறதா என்றும் பாருங்கள். வீட்டில் உடனிருப்பவரிடமும் தனியாகக் கேளுங்கள், அவர் கவனித்தது நீங்கள் சொல்வதிலிருந்து வேறுபட்டிருக்கலாம். முடிவில் ஐயம் இருந்தால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு; தற்காலிகக் கம்பியை மருத்துவமனையிலேயே சில நிமிடங்களில் உருவிவிடலாம், தையல்கூடப் பெரும்பாலும் தேவைப்படாது. சோதனைக்கு முன் மனநல மதிப்பீட்டுக்கும் அனுப்புவார்கள். வலி கற்பனை என்று அவர்கள் நினைப்பதாக அதைப் பொருள்கொள்ள வேண்டாம். சிகிச்சை பெறாத மனச்சோர்வு இருந்தால் கருவியின் பலன் குறைவதைப் பலமுறை கண்டிருப்பதால்தான் அனுப்புகிறார்கள்.

நிரந்தரமாகப் பொருத்தும் அறுவை பெரியதன்று, அதன்பின் வரும் ஆறு முதல் எட்டு வாரங்களே கடினமானவை. லீடைச் சுற்றித் தழும்புத் திசு வளர்ந்து அதைப் பிடித்துக்கொள்ளும் வரை, ஆழமாகக் குனிதல், இடுப்பைத் திருப்புதல், கைகளைத் தலைக்கு மேல் நீட்டி எதையாவது எடுத்தல், இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தூக்குதல் ஆகிய அனைத்தும் விலக்கப்படும். லீட் சில மில்லிமீட்டர் நகர்ந்தாலும் தூண்டல் காலை விட்டு வயிற்றுக்கோ விலாவுக்கோ போய்விடக்கூடும். வலி குறைந்த மகிழ்ச்சியில் இந்த நாட்களிலேயே வீட்டு வேலைகளில் இறங்கிவிடுவோர்தாம் எனக்கு அதிகக் கவலை தருபவர்கள். புகைபிடிப்பதை நிறுத்துவதும், சர்க்கரை அளவை அறுவைக்கு முன்பே கட்டுக்குள் கொண்டுவருவதும் தொற்றின் வாய்ப்பைக் குறைக்கும். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உட்கொள்பவர்கள் அதை எப்போது நிறுத்துவது, எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை எழுத்து வடிவில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், தண்டுவடத்தருகே இரத்தம் கட்டினால் காலே செயலிழக்கக்கூடும்.

அன்றாட வாழ்க்கையில் முதலில் வியப்பளிப்பது, உடல் நிலை மாறும்போது தூண்டலும் மாறுவது. மல்லாந்து படுக்கும்போது தண்டுவடம் நீருக்குள் சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்து மின்முனைகளை நெருங்குகிறது. எனவே நிற்கும்போது இதமாக இருந்த அதே அளவு, படுத்தவுடன் சுரீரென்று ஏறுவதுபோல் தோன்றும். இருமும்போதும் தும்மும்போதும் இப்படி நேரலாம். குறுகுறுப்பு தெரியும் வகையில் இது அதிகம், தெரியாத வகையில் இல்லை எனலாம். படுப்பதற்கு முன் ரிமோட்டில் அளவைக் குறைக்கும் பழக்கம் சில வாரங்களில் வந்துவிடும். சில கருவிகள் உடலின் நிலையை உணர்ந்து தாமாகவே அளவை மாற்றுகின்றன. இன்னும் சில, ஒவ்வொரு துடிப்புக்கும் நரம்பிழைகள் தரும் எதிர்வினையை அளந்து அடுத்த துடிப்பைத் திருத்திக்கொள்கின்றன. குறுகுறுப்பு தெரியும் கருவியை, வாகனம் ஓட்டும்போது நிறுத்தி வைக்க வேண்டும் என்பதே தயாரிப்பாளர்களின் பொதுவான அறிவுரை, திடீரென்று ஏறும் உணர்வு காலின் கட்டுப்பாட்டைக் குலைக்கலாம்.

பேட்டரியில் இரண்டு வகை உண்டு. சார்ஜ் செய்யத் தேவையில்லாதது சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும், அப்போது பெட்டியை மட்டும் சிறு அறுவையில் மாற்ற வேண்டும். சார்ஜ் செய்யக்கூடியது பத்தாண்டு அல்லது அதற்கு மேலும் உழைக்கும், ஆனால் தினமுமோ வாரத்துக்குச் சில முறையோ தோலின் மேல் ஒரு வட்டத் தட்டைப் பட்டையால் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அந்த இடம் இலேசாகச் சூடாகும். உடல் எடை வெகுவாகக் கூடினால் பெட்டி ஆழத்துக்குப் போய் இணைப்புக் கிடைக்காமல் தொல்லை தரும். விற்பனைத் தாள்கள் நீண்ட ஆயுளை முன்னிறுத்தினாலும், நினைவு தடுமாறும் முதியவருக்கும், கைகள் நடுங்குபவருக்கும் சார்ஜ் செய்யத் தேவையில்லாததையே நான் விரும்புவேன்.

முதல் ஓராண்டில் கருவியின் அமைப்புகளைச் சீரமைக்கப் பலமுறை வர வேண்டியிருக்கும். எந்த மின்முனைகளை இயக்குவது, துடிப்பின் வேகமும் அகலமும் எவ்வளவு என்று எண்ணற்ற சேர்க்கைகள் உள்ளன. முதல் அமைப்பே சரியாக இருப்பது அரிது. இங்கே ஒரு செய்தியைச் சொல்லிவைக்கலாம்: பல மருத்துவமனைகளில் இந்தச் சீரமைப்பைச் செய்பவர் கருவி நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரதிநிதி. அவர் திறமையானவராக இருப்பார், ஆனால் பலன் போதவில்லை, கருவியை எடுத்துவிடலாமா என்ற கேள்வியை உங்கள் மருத்துவரிடமே கேட்க வேண்டும். சீரமைப்புக்கு வரும்போது எங்கே உணர்கிறீர்கள், எப்போது பலன் குறைகிறது, என்ன செய்யும்போது வலி ஏறுகிறது என்ற குறிப்போடு வருபவருக்கு, சரியாக இல்லை என்று மட்டும் சொல்பவரைவிட விரைவாகத் தீர்வு கிடைக்கிறது.

மருந்துகளைப் பொறுத்தவரை, வலி குறைந்த மறுநாளே அவற்றை நிறுத்திவிடக் கூடாது. பிரீகாபாலின், டுலாக்ஸெட்டின், ஓபியாய்டு எனப்படும் அபின் வகை வலி மருந்துகள் ஆகிய எல்லாவற்றையும் மருத்துவர் சொல்லும் ஒழுங்கில் மெதுவாகவே குறைக்க வேண்டும். திடீரென்று விட்டால் உண்டாகும் நடுக்கத்தையும் தூக்கமின்மையையும் கருவியின் கோளாறு என்று நோயாளி எண்ணிவிடுவார். உடற்பயிற்சியும் அப்படியே. வலியால் பல ஆண்டுகள் பயன்படாதிருந்த தசைகள் கருவியால் வலுப்பெறாது. அதற்கு இயன்முறை மருத்துவரின் துணையோடு உழைக்க வேண்டும்.

பிற சிகிச்சைகளின்போது, கருவி இருப்பதை ஒவ்வொரு இடத்திலும் நீங்களே முதலில் சொல்ல வேண்டும், அதற்கான அடையாள அட்டையைப் பணப்பையில் வைத்திருங்கள். இவற்றில் கண்டிப்பாக விலக்க வேண்டியது டயதெர்மி எனப்படும் ஆழ்வெப்பச் சிகிச்சை. அதன் ஆற்றல் லீடில் குவிந்து நரம்புத் திசுவைச் சுட்டுவிடக்கூடும், கருவி நிறுத்தப்பட்டிருந்தாலும் இந்த ஆபத்து உண்டு. எம்.ஆர்.ஐ. எடுப்பது கருவிக்குக் கருவி மாறுபடும். புதிய கருவிகளில் பல, நிபந்தனைகளோடு அதை அனுமதிக்கின்றன: எந்த உடற்பகுதி, எவ்வளவு காந்த வலிமை, எந்த லீட் என்ற விவரங்களை எடுப்பவர் சரிபார்த்து, கருவியை அதற்கான நிலைக்கு மாற்றிய பிறகே எடுக்க வேண்டும். பெட்டி ஏற்கும் தன்மையுடையதாக இருந்து லீட் பழையதாக இருந்தால் அனுமதி கிடைக்காமல் போகலாம். எதிர்காலத்தில் உங்களுக்கு எம்.ஆர்.ஐ. அடிக்கடி தேவைப்படும் என்றால், கருவியைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைக் கேளுங்கள். வேறு அறுவை சிகிச்சை நடந்தால் கருவியை நிறுத்தச் சொல்லி, இரத்தக்கசிவைச் சுட்டு நிறுத்தும் மின்கருவியில் இருமுனை வகையைப் பயன்படுத்த முடியுமா என்று கேட்கலாம். இதயத்துக்கு பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு இரண்டும் ஒன்றையொன்று குழப்பாமல் இருக்கிறதா என்று சோதித்த பிறகே பொருத்துவார்கள். விமான நிலையச் சோதனை வாயில்களிலும் கடைகளின் திருட்டுத் தடுப்பு வாயில்களிலும் தூண்டல் சட்டென ஏறக்கூடும். அட்டையைக் காட்டிக் கையால் சோதிக்கச் சொல்லலாம், கடந்தே ஆக வேண்டுமென்றால் கருவியை நிறுத்திவிட்டு, நடுவில் நிற்காமல் கடந்துவிடலாம்.

சிக்கல்களில் அதிகம் காணப்படுவது லீட் நகர்தல் அல்லது முறிதல். பழைய இடத்தில் உணர்வு வராமல் புதிய இடத்தில் வந்தால் எக்ஸ்ரே ஒன்றிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்; சில நேரம் அமைப்பை மாற்றிச் சமாளிக்கலாம், சில நேரம் மறு அறுவை தேவைப்படும். பெட்டி இருக்கும் இடத்தில் உட்காரும்போது உறுத்துவது அடுத்தது. தொற்று நூற்றுக்குச் சிலருக்கே ஏற்பட்டாலும், ஏற்பட்டால் பெரும்பாலும் கருவி முழுவதையும் எடுக்க வேண்டியதாகிவிடும் என்பதால், காயத்தில் சிவப்பு, சீழ், காய்ச்சல் ஆகியவற்றைக் கண்டால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. காலில் புதிதாக வலுவிழப்பு, சிறுநீர் அல்லது மலத்தை அடக்க முடியாமை, கடுமையான முதுகு வலி ஆகியவை அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு உடனே செல்ல வேண்டியவை.

இவையெல்லாம் சரியாக இருந்தும் சில ஆண்டுகளில் பலன் மெல்லத் தேய்வது வேறொரு வகை. சிக்கலான வட்டார வலி நோயாளிகளிடம் நடந்த நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், தொடக்கத்தில் தெளிவாகத் தெரிந்த வேறுபாடு ஐந்தாண்டு முடிவில் ஒப்பீட்டுப் பிரிவிலிருந்து பிரித்தறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது; ஆனாலும் கருவி வைத்திருந்தவர்களில் 95 விழுக்காட்டினர், இதே பலன்தான் கிடைக்குமென்றாலும் மீண்டும் இதைச் செய்துகொள்வோம் என்றார்கள். இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்தே வைத்துப் பார்ப்பது நல்லது. பலன் தேயும்போது துடிப்பின் வகையை மாற்றிப் பார்க்கலாம், சில நாட்கள் முழுதாக நிறுத்திவிட்டுத் தொடங்கிப் பார்க்கலாம், சிலருக்கு மீண்டும் கைகொடுக்கிறது.

எதுவும் பலிக்காதபோது கருவியை எடுத்துவிடலாம். ஊசி வழியாகச் செலுத்தப்பட்ட மெல்லிய லீடை எடுப்பது எளிது. எலும்பின் ஒரு பகுதியை நீக்கி வைக்கப்படும் தட்டையான துடுப்பு வடிவ லீடைச் சுற்றித் தழும்பு இறுகியிருக்கும் என்பதால் அதை எடுப்பது முதல் அறுவையைவிடக் கவனம் தேவைப்படும் வேலை, அதனால் பயன்படாத லீடை உள்ளேயே விட்டுவைக்கச் சிலர் முடிவெடுக்கிறார்கள். அப்படி விட்டுவைத்த துண்டு எதிர்காலத்தில் எம்.ஆர்.ஐ. எடுப்பதைத் தடுக்கலாம். எனவே, எந்த வகை லீட், அதை எடுக்க வேண்டி வந்தால் யார் எடுப்பார்கள், எடுத்த அனுபவம் அவர்களுக்கு உண்டா என்ற கேள்விகளைப் பொருத்துவதற்கான ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன்பே உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.